ஆறாவது ஏன்

எங்கள் பக்கத்தில் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. எந்தக் கம்பெனிக்குப் போகப் படிக்கிறார்கள் என்றுதான் கேட்பார்கள். மெக்கானிக்கல் என்றால் ஒரகடம், எலக்ட்ரானிக்ஸ் என்றால் சுங்குவார்சத்திரம், பி.காம் என்றால் ஏதாவது ஒரு கம்பெனியின் ஸ்டோர்ஸ். நான் தத்துவம் படிக்கப் போகிறேன் என்று சொன்னபோது எங்கள் சித்தப்பா, கிண்டல் ஒன்றும் இல்லாமல், நிஜமான அக்கறையோடு, "அது எந்த கம்பெனில எடுக்கறாங்க?" என்று கேட்டார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. எந்தக் கம்பெனியிலும் எடுக்க மாட்டார்கள், அதனால்தான் படிக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். வாய்க்கொழுப்புதான். அந்த ஒரு பேச்சை வைத்துக்கொண்டு வீட்டில் ஒரு வாரம் சண்டை ஓடியது.

உண்மையில் நான் தத்துவத்தைத் தேடிக்கொண்டு எங்கேயும் போகவில்லை. பொருளாதாரத்தில் சேர்வதற்காக அம்மாவோடு அந்தக் கல்லூரிக்குப் போனேன். இருங்காட்டுக்கோட்டையைத் தாண்டி, நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே பிரிகிற ஒரு தார்ச்சாலையின் கடைசியில் இருந்தது. ஒரு பக்கம் கன்டெய்னர் லாரிகள் நிற்கிற யார்டு, இன்னொரு பக்கம் காருக்கு சீட்டு தைக்கிற கம்பெனி, நடுவில் வேப்ப மரங்களோடு இந்தக் கட்டடம். லிபரல் ஆர்ட்ஸ் என்று போர்டில் இருந்ததைப் பார்த்து அம்மா படம் வரையச் சொல்லித்தருகிற இடம் என்று நினைத்துக்கொண்டாள். நன்றாகப் படித்தால் உதவித்தொகை உண்டு என்று பள்ளியில் சொல்லியிருந்தார்கள். அது ஒன்றுதான் எங்களுக்குத் தெரியும்.

ஆபீசில் காத்திருக்கச் சொன்னார்கள். எதிரே ஒரு வகுப்பறையின் கதவு திறந்திருந்தது. உள்ளே பத்துப் பதினைந்து பேர். ஒருவரும் பேசவில்லை. ஒருவரும் எழுதவில்லை. முன்னால் ஒரு மேடம் ஜன்னலில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். பரீட்சையோ என்று பார்த்தேன், மேசைகளில் தாள் இல்லை. யாரையாவது திட்டி முடித்திருப்பார்களோ என்றால் முகங்களில் அந்தக் களை இல்லை. ஆபீஸ் அக்காவிடம் கேட்டேன். பிலாசபி கிளாஸ், யோசித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு அவர் ஸ்டேப்ளரைத் தேடப் போய்விட்டார்.

எங்கள் ஊரில் இத்தனை பேர் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்தால் கம்பெனியில் லைன் நின்றுபோச்சு என்று அர்த்தம். உடனே யாராவது ஓடுவார்கள், யாராவது கத்துவார்கள். இங்கே ஒன்றும் பழுதாகவில்லை. வேண்டுமென்றே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். யோசிப்பது என்பது வேறு வேலை செய்துகொண்டே பக்கத்தில் செய்துகொள்ளும் ஒன்று என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அதற்கென்று ஒரு அறை, ஒரு மின்விசிறி, சம்பளம் வாங்குகிற ஒரு ஆள் இருக்க முடியும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. என் பெயரைக் கூப்பிட்டார்கள். உள்ளே போய் பொருளாதாரம் என்று சொல்ல வேண்டிய இடத்தில் பிலாசபி என்றேன். அம்மாவுக்கு அது என்னவென்று தெரியாததால் அவளும் தலையாட்டிவிட்டாள்.

வீட்டில் தெரிந்த பிறகு நடந்ததைச் சொன்னேனே. கடைசியில் அப்பாதான் ஒரு முடிவுக்கு வந்தார். அவர் ஒரகடத்தில் பிரேக் பாகங்கள் செய்கிற கம்பெனியில் லைன் லீடர். எதையும் அந்தக் கம்பெனியின் கணக்கில்தான் யோசிப்பார். "ஒரு வருஷம் போ. எங்க கம்பெனில ட்ரெய்னிய வைக்கிற மாதிரி வச்சிக்கலாம். வருஷக் கடைசில அது இன்னா படிப்புன்னு எனக்குப் புரியணும். புரிஞ்சா மூணு வருஷமும் படி. புரியலன்னா காஞ்சிபுரத்துல பி.காம்" என்றார். சித்தப்பா அதற்குள் காஞ்சிபுரம் கல்லூரியில் தெரிந்தவர் ஒருவரிடம் ஒரு இடத்துக்குச் சொல்லியும் வைத்துவிட்டார். எனக்குப் புரிய வேண்டும் என்று அப்பா சொல்லவில்லை, கவனியுங்கள். அவருக்குப் புரிய வேண்டும். ஒரு வருஷம்தானே, ஜமாய்த்துவிடலாம் என்று நானும் சரி என்றேன்.

ஜன்னலில் சாய்ந்து நின்ற அதே மேடம்தான் எங்களுக்கு முதல் வருஷம். எங்கள் எல்லோரையும் நீங்க என்றுதான் கூப்பிடுவார். என்னை நீங்க என்று கூப்பிட்ட முதல் பெரியவர் அவர். முதல் நாள் ஒரு கேள்வி கேட்டுவிட்டு நிறுத்திக்கொண்டார். நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். அவரும் பார்த்துக்கொண்டிருந்தார். பதில் தெரியாமல் கேட்கிறாரா, நமக்குத் தெரிகிறதா என்று சோதிக்கிறாரா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. பள்ளியில் ஆசிரியர் கேட்டால் பதில் அவர் கையிலேயே இருக்கும், நாம் ஒப்பிக்க வேண்டியதுதான் பாக்கி. இவர் கையில் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாமல் வந்து நின்றுகொண்டு எங்களையும் கூடச் சேர்ந்து தேடச் சொல்கிறார். எனக்கு அது முதலில் ஏமாற்று வேலை மாதிரிகூட இருந்தது.

இரண்டாவது வாரம் ஒரு கட்டுரை எழுதச் சொன்னார். நீங்கள் உறுதியாக நம்புகிற ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள், அதை ஏன் என்று கேளுங்கள், பதில் வந்தால் அந்தப் பதிலையும் ஏன் என்று கேளுங்கள், கேட்டுக்கொண்டே போய் எழுதிக்கொண்டு வாருங்கள் என்றார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை, அப்படி ஒரு சந்தோஷம். இது எனக்குத் தெரியும்! எங்கள் பக்கத்தில் இதைத் தெரியாத வீடு கிடையாது.

கம்பெனிகளில் ஒரு பீஸ் கெட்டுப்போய் வந்தால் லைன் ஆள்கள் சுற்றி நின்றுகொண்டு ஐந்து முறை ஏன் கேட்பார்கள். நட்டு ஏன் லூசாக இருக்கிறது? மெஷின் சரியாக முறுக்கவில்லை. ஏன் முறுக்கவில்லை? காற்று அழுத்தம் குறைச்சல். ஏன் குறைச்சல்? குழாயில் கசிவு. ஏன் கசிவு? குழாய் பழசு. ஏன் மாற்றவில்லை? மாற்றும் வேலை யாருடைய அட்டவணையிலும் இல்லை. ஐந்தாவது ஏனுக்கு வருகிற பதில்தான் மூலகாரணம். அதைச் சரிசெய்ய ஒரு நடவடிக்கை எழுதிவிட்டு எல்லோரும் லைனுக்குத் திரும்பிவிடுவார்கள். அப்பா இதை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். குழம்பில் உப்பு கூடினால் ஐந்து ஏன். மோட்டார் போட மறந்தால் ஐந்து ஏன். அம்மா சாமர்த்தியசாலி, எந்த ஏனில் ஆரம்பித்தாலும் ஐந்தாவது ஏனில் அப்பா வந்து நிற்கிற மாதிரி பதில் சொல்லிக்கொண்டு போவாள்.

பொய் சொல்லக் கூடாது என்பதை எடுத்துக்கொண்டேன். அப்பாவிடம் கேட்டுக் கட்டங்கள்கூடப் போட்டேன். ஏன் பொய் சொல்லக் கூடாது? நம்பிக்கை போய்விடும். நம்பிக்கை ஏன் வேண்டும்? அது இல்லாமல் சேர்ந்து வேலை செய்ய முடியாது. ஏன் சேர்ந்து வேலை செய்ய வேண்டும்? தனியாக ஒருவரால் பிழைக்க முடியாது. ஏன் பிழைக்க வேண்டும்? நல்லபடியாக வாழ. ஏன் நல்லபடியாக வாழ வேண்டும்? எல்லோருக்கும் அதுதான் விருப்பம். மூலகாரணம், விருப்பம். நடவடிக்கை, தினமும் உண்மை பேசுவது, வாரம் ஒரு முறை வீட்டார் சரிபார்ப்பது. கீழே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு முடித்தேன். அப்பா பார்த்துவிட்டு நீட்டாக இருக்கிறது என்றார்.

வகுப்பில் படித்துக் காட்டச் சொன்னார்கள். வீட்டார் சரிபார்ப்பது என்ற இடத்தில் சென்னையிலிருந்து வந்து படிக்கிற கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. எனக்குக் காது சூடாகிவிட்டது. சிரிக்கிற வாயில் மண்ணைப் போட வேண்டும் போல இருந்தது. மேடம் சிரிக்கவில்லை. ரொம்ப நேர்த்தியாக வந்திருக்கிறது என்றார். பிறகு கேட்டார்.

"அஞ்சுல ஏன் நிறுத்திட்டீங்க?"

"அஞ்சுதான் மேடம்."

"ஆறாவது கேட்டுப் பாருங்களேன்."

நான் நின்றுகொண்டிருந்தேன். எல்லோருக்கும் விருப்பம் என்பதால் ஒன்று எப்படி நல்லதாகிவிடும்? ஏன்? மேடம் ஜன்னலுக்குப் போய்ச் சாய்ந்துகொண்டார். சிரித்தவர்களும் அடங்கிவிட்டார்கள், ஏனென்றால் அவர்களும் தேட ஆரம்பித்திருந்தார்கள். நான் ஐந்து படி இறங்கி வந்து தரை என்று நினைத்து நின்ற இடம் தரை இல்லை. அதற்குக் கீழே இருட்டாக என்னவோ போய்க்கொண்டே இருந்தது. அத்தனை வருஷம் அதன் மேல் நின்றுகொண்டுதான் பொய் சொல்லாதே, பெரியவர்களை எதிர்த்துப் பேசாதே என்று எல்லோரும் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். யாரும் ஆறாவது முறை கேட்டுப் பார்த்ததில்லை. என் கை மயிர் எல்லாம் நட்டுக்கொண்டது. பயமா என்றால் பயம்தான். ஆனால் அந்த மாதிரி ஒரு பயத்தை விட்டு யாராவது எழுந்து போவார்களா? அன்றைக்கு மணி அடித்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது, ஏன் அதற்குள் முடித்துவிட்டார்கள் என்று.

அதன் பிறகு பஸ் ஸ்டாப்பில் நிற்கக்கூட முடியவில்லை. கம்பெனி பஸ்கள் ஒன்றன் பின் ஒன்றாகப் போகும், ஜன்னல் ஓரங்களில் தூங்கி வழிகிற தலைகளோடு. இவர்கள் ஏன் போகிறார்கள்? சம்பளத்துக்கு. சம்பளம் ஏன்? இப்படி இறங்கிக்கொண்டே போனால் அத்தனை பஸ்களும் அத்தனை கட்டடங்களும் ஆறாவது படியில் அந்தரத்தில் நின்றன. நின்றாலும் ஓடிக்கொண்டிருந்தன! அதுதான் எனக்கு மலைப்பு. அடியில் ஒன்றும் இல்லாமல் இவ்வளவு பெரிய நெடுஞ்சாலை எப்படி ஓடுகிறது?

ஒரு பழைய தத்துவப் புத்தகத்தில் ஒரு பக்கத்தை மூன்று வாரம் படித்தோம் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. ஒரே பக்கம். ஒரு வாக்கியத்தில் இருக்கிற ஆகவே என்ற சொல்லை ஒரு முழு வகுப்பும் துருவினோம். முதல் வாரம் எனக்குப் பொறுமை போயிற்று, இதென்ன மாவரைக்கிற வேலை என்று முணுமுணுத்தேன். மூன்றாவது வாரம் அந்த ஆகவேக்குள் ஒரு பொத்தல் இருப்பதை நானே பார்த்துவிட்டேன். எப்போதோ செத்துப்போன, என் மொழி தெரியாத ஒரு மனுஷன் செய்த தவறை நான் இருங்காட்டுக்கோட்டைப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு கண்டுபிடித்தேன். மேடத்திடம் சொன்னேன். ஆமாம், அவர் காலத்திலேயே ஒருவர் இதைச் சொன்னார், அதற்கு இவர் ஒரு பதிலும் சொன்னார், அந்தப் பதில் அடுத்த பக்கத்தில் இருக்கிறது என்றார். எனக்கு ஏமாற்றமே இல்லை. செத்தவர் எனக்குப் பதில் சொல்லிவிட்டாரே என்று அன்றைக்கு முழுக்க மிதந்துகொண்டிருந்தேன்.

கார்த்திகை மாதம் ஒரு நாள் செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கம் எங்களை நடத்திக் கூட்டிக்கொண்டு போனார். மழை பெய்து ஏரி நிறைந்து கிடந்தது. அக்கரை தெரியவில்லை. இது ஏன் இருக்கிறது என்று மேடம் கேட்டார். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் டக்கென்று, சென்னைக்குக் குடிதண்ணீருக்கு என்றோம். மேடம் சிரித்துவிட்டார். ஏரியை மட்டும் கேட்கவில்லை, தண்ணீர், வானம், நீங்கள், நான், எதுவுமே இல்லாமல் இருந்திருக்கலாமே, ஏன் ஏதோ ஒன்று இருக்கிறது என்றார். நான் தண்ணீரைப் பார்த்தேன். சின்ன வயதில் அந்த ஏரியைப் பற்றி எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் பயம்தான். திறந்துவிட்டால் கீழ்ப் பக்கத்து ஊர்களில் வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிடும். அது இருக்கிறதே என்று ஒருநாளும் ஆச்சரியப்பட்டதில்லை. அன்றைக்கு ஆச்சரியப்பட்டேன். ஒரு கொக்கு நின்றது, அது இருந்தது. என் செருப்பில் சேறு, அதுவும் இருந்தது. இல்லாமல் இருந்திருக்கக்கூடிய அத்தனையும் எதற்கென்று தெரியாமல் இருந்துகொண்டிருந்தது. திரும்பி நடக்கும்போது தோழிகளிடம் இதுவும் இருக்கிறது, அதுவும் இருக்கிறது என்று காட்டிக்கொண்டே வந்தேன்.

ஆனால் இதையெல்லாம் அப்பாவுக்குப் புரியவைக்க வேண்டுமே. அங்கேதான் மாட்டிக்கொண்டேன். ஷிப்ட் முடிந்து வந்து சாப்பிட உட்காரும்போது, இன்றைக்கு என்ன நடந்தது என்று ஒழுங்காகக் கேட்பார். அவர் வாக்குத் தவறாத ஆள். நாற்காலி நிஜமாகவே இருக்கிறதா என்று எப்படித் தெரியும் என்று பேசினோம் என்றேன். அவர் தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைக் குனிந்து பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் பி.காம் தெரிந்தது. இன்னொரு நாள் ஏரியைப் பற்றிச் சொன்னேன். மழை பெய்தது, அதனால் இருக்கிறது என்றார். ஆறாவது ஏனைப் பற்றிச் சொன்னேன். "அஞ்சுலயே ஆக்ஷன் கெடச்சிடுச்சின்னா ஆறாவது எதுக்கும்மா?" என்றார். கோபத்தில் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். அவர் தப்பாக ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் கோபம்.

அம்மா தன் பங்குக்குச் சொன்னாள், கேள்வி கேட்பதற்கு எதற்குக் காலேஜ், வீட்டிலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கலாமே, பஸ் செலவாவது மிச்சம் என்று. சோறு ஏன் சாப்பிட வேண்டும் என்று நான் ஒரு நாள் ஆரம்பித்ததும் பாத்திரத்தை மூடி எடுத்து உள்ளே வைத்துவிட்டாள்.

மாடியில் எங்கள் வீட்டு அறைகளில் செல்போன் கம்பெனியில் வேலை செய்கிற பெண்கள் வாடகைக்கு இருந்தார்கள். அதில் தென்காசிப் பக்கத்து அக்கா ஒருத்தி என்னோடு ஒட்டுதல். வருஷக் கடைசி நெருங்க நெருங்க அவளைத்தான் பிடித்து உட்காரவைத்துப் பேசிப் பழகினேன். எங்கள் கல்லூரியில் ஒரு வழக்கம் உண்டு. முதல் வருஷம் முடியும்போது ஒவ்வொருவரும் ஹாலில் நின்று ஒரு கேள்வியைப் பற்றிப் பேச வேண்டும். வீட்டார் வந்து உட்காரலாம். அப்பாவுக்குப் புரியவைக்க எனக்கு மிச்சமிருந்தது அந்த ஒரு வாய்ப்புதான். அக்கா கன்னத்தில் கை வைத்துக்கொண்டு முழுவதும் கேட்டாள். "நல்லாத்தாம்ட்டி பேசுத. ஒண்ணும் வெளங்கல" என்றாள். எனக்கு உயிரே போய்விட்டது. இரண்டு நாள் கழித்துத் தண்ணீர் பிடிக்க வந்தவள் குடத்தை வைத்துவிட்டு நின்றாள். நான் சொன்னது மண்டைக்குள்ளேயே கிடக்கிறதாம், வேலையில் கை பாட்டுக்கு ஓடுகிறதாம், இது பாட்டுக்கு இது ஓடுகிறதாம். அது எதில் போய் முடியும் என்று கேட்டாள். முடியாது அக்கா என்றேன். பாவி, இதை முதலிலேயே சொல்ல வேண்டாமா என்று திட்டிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள்.

பேச வேண்டிய நாள் அப்பாவுக்கு முதல் ஷிப்ட். முடித்த கையோடு கம்பெனி நீலச் சட்டையிலேயே வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். சென்னையிலிருந்து காரில் வந்த பெற்றோர்கள் முன்னால் இருந்தார்கள். மற்றவர்கள் ஆங்கிலத்தில் பேசினார்கள். நான் தமிழில் பேசட்டுமா என்று மேடத்திடம் முன்பே கேட்டு வைத்திருந்தேன். தாராளமாக என்று சொல்லியிருந்தார்.

நான் ஏன் என்ற கேள்வி எங்கே நிற்கிறது என்று பேசினேன். எதற்கும் ஏன் என்று கேட்டுக்கொண்டே போனால் மூன்றே வழிதான். ஒன்று, பதிலுக்குப் பதில் என்று முடிவே இல்லாமல் போய்க்கொண்டிருக்கும். அல்லது சுற்றிக்கொண்டு ஆரம்பித்த இடத்துக்கே வந்து, முதல் பதிலையே காரணமாகக் காட்டும். அல்லது ஏதோ ஓர் இடத்தில் காரணம் சொல்லாமல் நின்றுவிடும், இதற்கு மேல் கேட்காதே என்று. மூன்றும் சரியில்லை. நாலாவது வழி இருக்கிறதா என்று பல தேசங்களில் பல மொழிகளில் இரண்டாயிரம் வருஷத்துக்கு மேலாகத் தேடியிருக்கிறார்கள். ஒரு வழி கிடைத்தது என்று ஒருவர் சொல்வார், அதில் பொத்தல் இருக்கிறது என்று அடுத்தவர் காட்டுவார். இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கும் தெரியவில்லை என்று சொல்லி முடித்தேன். சொல்லும்போது அப்பாவைப் பார்த்தேன். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

யாருக்காவது கேள்வி உண்டா என்று மேடம் கேட்டார். முன்வரிசையிலிருந்து ஒரு அம்மா ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார், நானும் ஏதோ சொன்னேன். அப்பா கையைத் தூக்கவில்லை. கூட்டம் கலைந்ததும் நேராக வண்டி நிறுத்துகிற இடத்துக்குப் போய்விட்டார். எனக்குத் தெரிந்துவிட்டது. எனக்கும் தெரியவில்லை என்று முடித்தேனே, எந்த அப்பா அதைக் கேட்டுவிட்டு மகளைத் தொடர்ந்து படிக்க வைப்பார்? அறிவு கெட்டவளே, கடைசியில் ஒரு முடிவையாவது சேர்த்திருக்கக் கூடாதா என்று என்னையே திட்டிக்கொண்டு பைக்கில் பின்னால் ஏறினேன். ஸ்ரீபெரும்புதூர் தாண்டியது. மூன்று வருஷம் இருக்க விடாமல், ஒரே ஒரு வருஷம் அந்தக் கதவைத் திறந்து காட்டிவிட்டு மூடப்போகிறார்கள். ஹெல்மெட்டுக்குள் அழுதேன்.

சுங்குவார்சத்திரத்தில் டீக்கடையில் வண்டியை நிறுத்தினார். இரண்டு டீ சொன்னார். பாதி குடித்துவிட்டுத்தான் பேசினார்.

"நெஜமாவே இன்னும் யாரும் அத்த முடிக்கலியா?"

"முடிக்கலப்பா."

"ரெண்டாயிரம் வருஷமாவா?"

தலையாட்டினேன். அவர் டம்ளரைக் கீழே வைத்தார். அவர்கள் கம்பெனியில் தினமும் காலையில் ஒரு மீட்டிங் நடக்கும் என்று சொல்ல ஆரம்பித்தார். முடியாத பிரச்சினை எல்லாம் போர்டில் இருக்கும். அதற்கு ஓபன் பாயின்ட்டு என்று பெயர். ஒவ்வொரு பாயின்ட்டுக்கும் எதிரில் ஒரு ஆள் பெயர் இருக்கும். அந்த ஆள் லீவில் போனால், வேறு லைனுக்கு மாறினால், இன்னொருவர் பெயருக்கு மாற்றிவிட்டுத்தான் போக வேண்டும். ஒரு மாதம் ஓபனில் இருந்தாலே மேனேஜர் வந்து நிற்பார். அவர் பார்த்ததிலேயே பெரிய பாயின்ட்டு ஒரு வருஷம் இருந்ததாம், அதைப் பார்க்கவே எல்லோருக்கும் பயமாக இருந்ததாம்.

"ரெண்டாயிரம் வருஷம் ஒன்னு ஓபன்ல கீதுன்னா..." என்று நிறுத்தினார். எங்கப்பாவின் முகத்தில் அப்படி ஒரு மலைப்பை நான் பார்த்ததில்லை. என் கை மயிர் நட்டுக்கொண்ட அன்றைக்கு நானும் இப்படித்தான் இருந்திருப்பேன். "செத்துப் போறவன் ஒவ்வொருத்தனும் அடுத்தவன் கைல குடுத்துட்டே போயிருக்கான். ஒருத்தன்கூட கீழ போடல. இப்ப அது யாரு பேர்லம்மா கீது?"

அப்படியெல்லாம் யார் பெயரிலும் எழுதி வைப்பதில்லை அப்பா என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். சொல்லவில்லை. எப்போதோ செத்தவர் அடுத்த பக்கத்தில் எனக்குப் பதில் சொன்னாரே. மேடம் ஜன்னலில் சாய்ந்து நின்றுகொண்டு அதை எங்கள் கையில்தானே கொடுத்தார்.

"இந்த வருஷம் என் பேர்லயும் கீதுப்பா" என்றேன்.

அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துச் சித்தப்பாவைக் கூப்பிட்டார். காஞ்சிபுரம் சீட்டு வேண்டாம், சொல்லி வைத்தவரிடம் சொல்லிவிடு என்றார். அந்தப் பக்கம் சித்தப்பா கத்துவது எனக்கே கேட்டது. அப்பா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அவள் பெயரில் ஒரு வேலை ஓபனில் இருக்கிறது, பாதியில் லைன் மாற்ற முடியாது என்றார். பிறகு போனைக் கையால் மூடிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"அது எப்ப முடியும்னு கேக்கறான்."

"முடியாதுப்பா" என்றேன்.

அவர் கையை எடுத்தார். "முடியாதாம்டா" என்றார் போனில். "அதான், உட்டுட்டு வரக்கூடாதுன்றேன்."